துரோகம், வஞ்சகம், காட்டிக்கொடுத்தல்: ஆங்கிலச் சொற்குடும்பத்தின் பொருட்சாயல்களும் தமிழ் நிகரன்களும்

ஆய்வுச் சுருக்கம்

நம்பிக்கைக்கேட்டைக் குறிக்க ஆங்கிலத்தில் பிட்ரேயல், டிரீசன், டிரெச்சரி, பெர்ஃபிடி, டிஸ்லாயல்டி, இன்ஃபிடெலிடி, செடிஷன் எனப் பல சொற்கள் உள்ளன. தமிழாக்கத்தில் இவற்றுட் பெரும்பாலானவை ‘துரோகம்’ என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆயினும் தமிழிலும் இரண்டகம், வஞ்சகம், காட்டிக்கொடுத்தல், நன்றி கொல்லுதல், கீழறுத்தல், கைவிடுதல், மோசடி எனச் சொல்வளம் உண்டு. இவ்விரு சொற்குடும்பங்களையும் வேர்ப்பொருள், வேற்றுமை உருபு, பங்கேற்போர் எண்ணிக்கை ஆகிய மூன்று அளவுகோல்களால் ஒப்பிட்டு, அவற்றின் பொருட்சாயல்களை இக்கட்டுரை விளக்குகிறது. எட்டப்பன் என்னும் பெயர் பொதுச்சொல்லானமை, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு ‘தேசத்துரோகம்’ எனத் தமிழில் வழங்கியமை, ஈழத்து அரசியலில் ‘துரோகி’ என்னும் சொல் பெற்ற பொருள் ஆகியன சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: துரோகம், காட்டிக்கொடுத்தல், இரண்டகம், பொருட்சாயல், வேற்றுமை, மொழிபெயர்ப்பு, அரசியல் சொல்லாடல்

1. முன்னுரை

ஒரு மொழியில் ஒருபொருட்பன்மொழி எனக் கருதப்படும் சொற்கள் முழுமையாக ஒரே பொருளைத் தருவதில்லை என்பது சொற்பொருளியலில் ஏற்கப்பட்ட கருத்து. அவற்றிடையேயான வேறுபாடு ஒரு மொழிக்குள் பெரிதும் வெளிப்படாமல் இருக்கலாம். மொழிபெயர்ப்பின்போது அது தெளிவாக வெளிப்படும். நம்பிக்கைக்கேட்டைக் குறிக்கும் சொற்கள் இதற்கு நல்ல சான்று. அச்சொற்கள் ஒரு செயலை விவரிப்பதோடு நில்லாமல், செய்தவரைப் பற்றிய தீர்ப்பையும் உடன் வழங்கிவிடுகின்றன. எனவே இங்கு நிகரன் பிழைபடுமாயின் பொருள் மட்டுமன்றித் தீர்ப்பும் பிழைபடும்.

எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தப்படும் தொடர்கள் சென்னை அசோக் நகர், கே.கே. நகர் பகுதிகளில் அன்றாடம் வழங்கும் பேச்சினை ஒட்டி எழுத்து வழக்கில் அமைக்கப்பட்டவை. ஒரு சொல்லின் பொருளெல்லையை அறிய, அது பொருந்தும் இடங்களைப் போலவே பொருந்தாத இடங்களும் துணைசெய்யும். ‘சீட்டுப் பணத்தில் ஏமாற்றிவிட்டார்’ என்று முன்பின் அறியாதவரைப் பற்றிச் சொல்லலாம். ‘எனக்குத் துரோகம் செய்துவிட்டார்’ என்று அவரைப் பற்றிச் சொன்னால் கேட்பவர், ‘அவர் உங்களுக்கு என்ன உறவு?’ என்றே வினவுவார். அவ்வினாவே ‘துரோகம்’ என்னும் சொல்லின் பொருளில் ஒரு பகுதி.

2. ஆங்கிலச் சொற்களின் வேர்கள்

ஆங்கிலச் சொற்குடும்பத்தை வேர்ப்பொருள் நோக்கி மூன்று கிளைகளாகப் பகுக்கலாம்.

முதலாவது, ஒப்படைத்தல். பிட்ரே, டிரீசன், டிரெய்ட்டர் ஆகிய சொற்கள் ‘கையளித்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் ‘டிராடெரே’ என்னும் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தவை. மரபைக் குறிக்கும் ‘டிரெடிஷன்’ என்பதும் இதே வேரினது. தலைமுறையிடம் ஒப்படைத்தால் மரபு. பகைவரிடம் ஒப்படைத்தால் டிரீசன். செயல் ஒன்றே, பெறுபவர் யார் என்பதே பொருளை மாற்றுகிறது.

இரண்டாவது, நம்பிக்கை. பெர்ஃபிடி, இன்ஃபிடெலிடி ஆகியவை நம்பிக்கையைக் குறிக்கும் ‘ஃபிடெஸ்’ என்னும் இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டவை. முன்னது நம்பிக்கையையே கருவியாக்கிக் கெடுப்பதையும், பின்னது நம்பிக்கை இல்லாது போவதையும் உணர்த்தும்.

மூன்றாவது, சட்டம். டிஸ்லாயல்டி என்பதன் அடியான ‘லாயல்’, சட்டத்துக்குரியது என்னும் பொருளுடைய ‘லெகாலிஸ்’ என்பதன் பிரெஞ்சு வடிவம். சட்டப்படியானது என்னும் பொருளுடைய ‘லீகல்’ இதன் உடன்பிறப்பு.

இம்மூன்றிலும் அடங்காதவை இரண்டு. டிரெச்சரி என்பது ஒலியால் டிரீசனை ஒத்திருப்பினும் வேரால் வேறானது. ஏய்த்தலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. செடிஷன் என்பது ‘விலகிச் செல்லல்’ என்னும் இலத்தீன் பொருளுடையது. அதன் வேரில் ஒப்படைத்தலும் இல்லை, ஏய்த்தலும் இல்லை. ஏழாம் பகுதியில் எடுத்துக்கொள்ளப்படும் சட்டச் சிக்கலுக்கு இவ்வேறுபாடு அடிப்படையாகும்.

இச்சொற்களுள் டிரீசன் மட்டும் மிகப் பழங்காலத்திலேயே சட்ட வரையறை பெற்றது. மூன்றாம் எட்வர்டு காலத்து 1351ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பெரும் டிரீசன், சிறு டிரீசன் என இரண்டாகப் பகுத்தது. அரசருக்கு எதிரானது முன்னது. பணியாளர் தம் தலைவரையும், மனைவி கணவனையும், குருமார் தம் மேலாளரையும் கொல்லுதல் பின்னது. இச்சிறு டிரீசன் இங்கிலாந்தில் 1828இல் நீக்கப்பட்டது. வீட்டின் படிநிலையும் நாட்டின் படிநிலையும் ஒரே சொல்லால் காக்கப்பட்டன என்பதை இப்பகுப்பு காட்டுகிறது.

3. தமிழ்ச் சொற்களும் வேற்றுமை உருபும்

தமிழ்ச் சொற்களின் பொருட்சாயலை அறிய வேர்ப்பொருள் மட்டும் போதாது. பாதிக்கப்பட்டவர் எந்த வேற்றுமை உருபை ஏற்று வருகிறார் என்பது தெளிவான அளவுகோலாக அமைகிறது.

‘தம்பி அண்ணனுக்குத் துரோகம் செய்தான்’ என்பதில் பாதிக்கப்பட்டவர் ‘கு’ உருபு ஏற்கிறார். ‘அண்ணனை வஞ்சித்தான்’, ‘அண்ணனைக் கைவிட்டான்’ என்பனவற்றில் ‘ஐ’ உருபு வருகிறது. ‘அண்ணனிடம் மோசடி செய்தான்’ என்பதில் இட உருபு வருகிறது. ‘அண்ணனை எதிரியிடம் காட்டிக்கொடுத்தான்’ என்பதில் மட்டும் இருவர் இடம்பெறுகின்றனர்.

நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, முறை உள்ளிட்ட பொருள்களை நன்னூல் உரைக்கிறது. ‘அண்ணனுக்குத் துரோகம்’ என்பதில் பகைப்பொருள் வெளிப்படை. ஆயினும் ‘இவன் அவனுக்குத் தம்பி’ என்பதில் உள்ள முறைப்பொருளும் அதே உருபுக்கு உரியது. முறை உள்ள இடத்தில் தோன்றும் பகையே துரோகம் என்பதால், இரு பொருளும் ஓருருபில் சந்திப்பது பொருத்தமாக அமைகிறது. இரண்டாம் வேற்றுமைக்கு அழித்தல், நீத்தல் ஆகியன கூறப்படும். வஞ்சித்தல் அழித்தலின்பாற் படும். கைவிடுதல் நீத்தலின்பாற் படும். மோசடியில் ஆள் ஓர் இடமாக மட்டுமே கருதப்படுகிறார், பறிக்கப்பட்டது பொருள். அதனாலேயே முன்பின் அறியாதவரும் மோசடி செய்யலாம். துரோகம் செய்ய இயலாது.

துரோகம் என்பதன் வடமொழி வேர் ‘தீங்கு செய்ய முனைதல்’ என்னும் பொருளுடையது. அங்கு அது மித்திரத் துரோகம், குருத் துரோகம் என முன்னடை ஏற்று, யாருக்கு எதிரானது என்பதைக் காட்டியது. தமிழ்க் கல்வெட்டுகளிலும் சிவத்துரோகி, இராசத்துரோகி என அவ்வாறே வழங்கியது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் உள்ள, முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற உடன்பிறந்தோரைத் ‘துரோகிகள்’ எனச் சுட்டி, அவர்தம் உறவினர் உடைமைகள் பறிமுதலானதைப் பதிவு செய்கிறது. அவ்வுடன்பிறந்தோருள் ஒருவரின் பட்டம் ‘பஞ்சவன்’ என்னும் பாண்டியர் பெயரையும், மற்றொருவரின் பட்டம் ‘இருமுடிச்சோழ’ என்னும் சோழர் பெயரையும் தாங்கியுள்ளன. அக்கொலை சோழருக்கு இழைத்த துரோகமா, பாண்டியர்க்கு ஆற்றிய கடனா என வரலாற்றாசிரியர் வினவ இப்பட்டப்பெயர்களும் இடமளித்தன. துரோகம் என்னும் சொல் யாருடைய பக்கம் நின்று சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தே பொருள்படும் என்பதற்கு இஃது ஒரு பழஞ்சான்று.

‘காட்டிக்கொடு’ என்பதன் அமைப்பு தனித்த கவனத்துக்குரியது. சொல்லிக்கொடு, வாங்கிக்கொடு, எழுதிக்கொடு என்பனவற்றில் ‘கொடு’ என்னும் துணைவினை, செயலின் பயன் பிறர்க்குச் செல்வதை உணர்த்துகிறது. காட்டிக்கொடு என்பதிலும் அவ்வாறே. பயன் பெறுபவர் பகைவர் என்பது மட்டுமே வேறுபாடு. உதவியைக் குறிக்கும் இலக்கண அமைப்பே கேட்டைக் குறிக்கப் பயன்படுகிறது. ஒப்படைத்தல் என்னும் பொதுச்செயலிலிருந்து கிளைத்த ‘டிராடெரே’ குடும்பத்திற்கு வேர்ப்பொருளாலும் அமைப்பாலும் மிக நெருங்கிய தமிழ்ச்சொல் இதுவே.

விவிலியத் தமிழாக்கம் இந்நெருக்கத்தையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தில், போதனையைத் திருத்தூதர் பிறரிடம் ஒப்படைத்ததையும் இயேசு பகைவரிடம் ஒப்படைக்கப்பட்டதையும் கிரேக்க மூலம் ஒரே வினையால் அடுத்தடுத்துக் குறிக்கிறது. பழைய தமிழ்த் திருப்புதல் முன்னதற்கு ‘ஒப்புவி’ என்றும் பின்னதற்குக் ‘காட்டிக்கொடு’ என்றும் இரு வினைகளை ஆள்கிறது. மூலம் வாசகரிடம் விட்ட தீர்ப்பைத் தமிழ்ச்சொல் தானே வழங்கிவிடுகிறது.

4. உண்ட வீடு: தமிழ்ச் சொற்களின் அறவியல் அடித்தளம்

ஆங்கிலச் சொற்கள் ஒப்படைத்தல், நம்பிக்கை, சட்டம் ஆகியவற்றில் வேரூன்றியவை எனக் கண்டோம். தமிழ் வழக்கில் அவற்றுக்கு நிகரான அடித்தளம் உணவு. ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே’, ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்னும் வழக்குகள் இதனைக் காட்டும். உண்மையாக இருத்தலுக்குத் தமிழ் மரபு தரும் பெயர்களுள் ஒன்று ‘செஞ்சோற்றுக்கடன்’. பாரசீகம், இந்தி ஆகியவற்றில் நன்றிகெட்டவரைச் சுட்டும் சொல்லும் உப்பை அடியாகக் கொண்டதே என்பது ஒப்புநோக்கத்தக்கது.

இரண்டகம் என்பதை இரண்டு + அகம் எனப் பிரித்துப் பொருள் கொள்வர். இருமடித்தன்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த ‘டூப்ளிசிட்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லோடு இது ஒத்துச் செல்கிறது. ஆனால் பழமொழி அச்சொல்லை உண்ட வீட்டோடு பிணைக்கும்போது, உள்ளத்தின் இருமையைவிட உணவால் உண்டான கடனின் மீறலே முதன்மை பெறுகிறது.

திருக்குறளில் துரோகம் என்னும் சொல் இல்லை. அப்பொருளுக்கெனத் தனி அதிகாரமும் இல்லை. மாறாக, உறவு வகைக்கேற்ப அது பகிர்ந்து பேசப்படுகிறது. உதவி பெற்றவரின் பிழை ‘செய்ந்நன்றி அறிதல்’ அதிகாரத்திலும், நண்பரின் பிழை ‘கூடா நட்பு’ அதிகாரத்திலும், உடனிருப்போரின் பிழை ‘உட்பகை’ அதிகாரத்திலும், இல்லறம் சார்ந்த பிழை ‘பிறனில் விழையாமை’ அதிகாரத்திலும் இடம்பெறுகின்றன. படைமாட்சி அதிகாரத்தில் வரும் ‘அறைபோதல்’ என்பதைப் பரிமேலழகர் கீழறுக்கப்படுதல் எனக் கொள்கிறார். இங்குப் பிழை படைவீரனின் உள்ளத்தில் தோன்றியதாக அன்றி, பகைவர் உள்நுழைந்து அறுத்ததாகக் காட்டப்படுகிறது. கீழிருந்து புரட்டுதல் என்னும் வேர்ப்பொருளுடைய ‘சப்வெர்ஷன்’ என்பதற்குக் ‘கீழறுத்தல்’ பழந்தமிழிலிருந்தே கிடைக்கும் நிகரன்.

இல்லறம் சார்ந்த ‘இன்ஃபிடெலிடி’ தமிழ் நாளிதழ்களில் நெடுங்காலம் ‘கள்ளக்காதல்’ என வழங்கியது. ஆங்கிலச் சொல்லின் அடி நம்பிக்கை; தமிழ்ச் சொல்லின் அடி களவு. முன்னது யாருக்கு இழப்பு என்பதைச் சுட்டுகிறது. பின்னது மறைவைச் சுட்டுகிறது. அண்மைக்காலத்தில் ‘திருமணத்தை மீறிய உறவு’ என்னும் தொடர் பரவி வருகிறது. தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று செல்லாததாக்கிய பின்னர், குற்றச்சாயல் குறைந்த இத்தொடருக்குச் சட்டவழியிலும் நியாயம் உண்டு.

5. நம்ப வைத்துக் கழுத்தறுத்தல்

பேச்சுத்தமிழில் வழங்கும் ‘நம்ப வைத்துக் கழுத்தறுத்தான்’ என்னும் தொடர் ஒரு கால வரிசையைத் தன்னுள் கொண்டுள்ளது. முதலில் நம்பிக்கை திட்டமிட்டு உருவாக்கப்படுகிறது. பின்னர் அது கருவியாகிறது. துரோகத்தில் பிணைப்பு முன்பே உள்ளது. அது பின்னர் முறிகிறது. இங்கோ பிணைப்பே பொய். எனவே இவ்விரண்டும் ஒன்றல்ல.

ஆங்கிலத்தின் பெர்ஃபிடி இவ்விடத்திற்கு உரியது. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதலாம் கூடுதல் நெறிமுறையின் 37ஆம் பிரிவு, போரில் இதனைத் தடைசெய்கிறது. பாதுகாப்புக்கு உரியவர் என்றோ, தாம் பாதுகாக்கப்படுவோம் என்றோ எதிரியை நம்பச்செய்து, அந்நம்பிக்கையைக் கெடுக்கும் நோக்கோடு கொல்லுதல், காயப்படுத்துதல், சிறைபிடித்தல் ஆகியவை அதனுள் அடங்கும். அதே பிரிவு, உருமறைப்பு, போலி நடமாட்டம் போன்ற போர்த்தந்திரங்களைத் தடைசெய்யவில்லை. எதிரியை ஏமாற்றலாம், எதிரியின் நம்பிக்கையை அழைத்துக் கொல்லலாகாது என்பதே வேறுபாடு.

இவ்வேறுபாட்டைத் தமிழ் மரபு நன்கறியும். பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல இயலாத முத்தநாதன், சிவனடியார் வேடம் பூண்டு, ஆகமச் சுவடி எனச் சொல்லிக் கொணர்ந்ததனுள் படைக்கருவியை மறைத்து வந்து குத்துகிறான். அவன் நாயனாரின் குடியும் அல்லன், நண்பனும் அல்லன், பகைவன். எனவே இராசத்துரோகம் என்றோ நட்புத் துரோகம் என்றோ அச்செயலைக் கூற இயலாது. திருநீற்றின்பால் நாயனார்க்கு இருந்த நம்பிக்கை கருவியாக்கப்பட்டது. இதுவே வஞ்சகம், பெர்ஃபிடிக்கு உரிய தமிழ்ச்சொல்லும் இதுவே. தொழுத கையுள்ளும் படை ஒடுங்கும் எனக் கூடா நட்பு அதிகாரம் எச்சரிப்பதும் இவ்வகைச் செயலையே.

6. எட்டப்பன்: ஒரு பெயர் பொதுச்சொல்லான வரலாறு

நம்பிக்கைக்கேட்டைக் குறிக்கத் தனிமனிதர் பெயரையே பொதுச்சொல்லாக்குவது பல மொழிகளில் காணப்படும். நார்வேயின் விட்குன் குவிஸ்லிங் 1945 அக்டோபரில் தூக்கிலல்லாது சுட்டுக் கொல்லப்படும் முன்பே அவர் பெயர் ஆங்கிலத்தில் பொதுச்சொல்லாகிவிட்டது. வங்கத்தில் பிளாசிப் போரின் மீர் ஜாபர் பெயர் அவ்வாறு வழங்குகிறது. தமிழில் அவ்விடம் எட்டப்பனுக்கு உரியது.

நிகழ்வுகளை மேற்கூறிய அளவுகோல்களால் நோக்கலாம். 1799 செப்டம்பரில் பானர்மேன் தலைமையிலான கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. அங்கிருந்து வெளியேறிய வீரபாண்டிய கட்டபொம்மன் புதுக்கோட்டைப் பகுதியின் திருக்களம்பூர்க் காட்டில் பிடிபட்டு, தொண்டைமானால் கும்பினியாரிடம் ஒப்படைக்கப்பட்டார். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். எட்டயபுரம் பாளையக்காரர் இம்மோதலில் கும்பினியின் பக்கம் நின்றார். பாஞ்சாலங்குறிச்சிக்குரிய ஊர்களில் ஒரு பகுதியைப் பின்னர்ப் பெற்றார்.

‘காட்டிக்கொடுத்தல்’ என்பதன் மூவர் அமைப்பு நேராகப் பொருந்துவது தொண்டைமானுக்கு. எட்டயபுரத்திற்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையே முன்பே எல்லைப் பூசல் இருந்தது. இருவரும் ஒருவருக்கொருவர் கடப்பாடுடையவர் அல்லர். எனவே ‘துரோகம்’ என்பது முன்வைக்கும் பிணைப்பு 1799இல் இருந்ததாகக் கொள்வது கடினம். கும்பினியின் பார்வையிலோ எட்டயபுரமும் புதுக்கோட்டையும் ‘லாயல்’ என்னும் அடைக்கே உரியவை. சட்டத்தின் வழிவந்த அச்சொல், ஆட்சி செய்பவரின் சட்டத்தையே நோக்கும்.

பின் எவ்வாறு எட்டப்பன் துரோகி ஆனார்? இந்தியர் என்றும் தமிழர் என்றும் ஒரு பொதுப்பிணைப்பை இருபதாம் நூற்றாண்டு தேசியம் உருவாக்கியது. அப்பிணைப்பு பின்னோக்கி 1799க்கும் நீட்டப்பட்டபோது, பகையாளியாக இருந்தவர் துரோகியானார். 1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படம் அதனை மக்கள் நினைவில் நிலைநிறுத்தியது. எட்டயபுரத்தார் செயல் சரியா தவறா என்பது வரலாற்று மதிப்பீட்டுக்குரியது. சொற்பொருளியல் கூறக்கூடியது ஒன்றே: ‘துரோகம்’ என்னும் சொல், பிணைப்பு இருந்ததை மெய்ப்பிப்பதில்லை, இருந்ததாக எடுத்துக்கொள்கிறது.

வீடணன் இதற்கு மறுதலைச் சான்று. உடன்பிறந்த இராவணனுடனான பிணைப்பு ஐயத்திற்கு இடமின்றி உள்ளது. ஆயினும் வைணவ மரபு அவனைச் சரணாகதிக்கு முன்மாதிரியாகப் போற்றுகிறது; கம்பனின் கும்பகருணனோ செஞ்சோற்றுக்கடனுக்கு முன்மாதிரியாகிறான். அறம், குருதியுறவு ஆகிய இரு பிணைப்புகள் மோதும்போது எது மேலானது எனக் கொள்கிறோமோ அதற்கேற்பவே அடைக்கலம், துரோகம் என்னும் இரு சொற்களுள் ஒன்று தேர்ந்தெடுக்கப்படுகிறது.

7. செடிஷன் ‘தேசத்துரோகம்’ ஆன விதம்

பொருட்சாயல் வேறுபாடு மனிதரின் விடுதலையைப் பாதிக்கும் இடம் சட்டம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு 1870இல் சேர்க்கப்பட்டது. சட்டப்படி நிறுவப்பட்ட அரசாங்கத்தின்மீது வெறுப்பு, அவமதிப்பு, பற்றின்மை ஆகியவற்றைத் தூண்டுதல் அதன் பொருள். பற்றின்மை என்பது டிஸ்லாயல்டியையும் உள்ளடக்கும் என அதன் விளக்கமே கூறிற்று. 1897இல் திலகர் வழக்கில் நீதிபதி ஸ்டிரேச்சி, பற்று இல்லாமையே பற்றின்மை எனப் பொருள் கொண்டார். உள்ளத்து உணர்வு ஒன்றைச் சுட்டும் சொல் இவ்வாறு குற்றத்தின் கூறாயிற்று. 1908 சூலை 7 அன்று வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்ததும் இப்பிரிவின் அடிப்படையிலேயே. அத்தண்டனை மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டு, அவர் 1912இல் விடுதலையானார்.

இப்பிரிவில் தேசம் என்னும் சொல் இல்லை. அரசாங்கம் என்னும் சொல்லே உள்ளது. இந்திய அரசாங்கத்துக்கு எதிராகப் போர் தொடுத்தலுக்கு 121ஆம் பிரிவு தனியே இருந்தது. டிரீசனுக்கு நெருங்கியது அதுவே. இந்தியில் 124ஏ ‘இராஜதுரோகம்’ எனத் தலைப்பிடப்பட்டது. தமிழ் நாளிதழ்களிலோ ‘தேசத்துரோக வழக்கு’ என்பதே பெருவழக்கு. இம்மொழிபெயர்ப்பில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. குற்றத்தின் இலக்கு அரசாங்கத்திலிருந்து தேசமாகிவிட்டது. குற்றத்தின் இயல்பு பேச்சிலிருந்து துரோகமாகிவிட்டது. விலகிச் செல்லல் என்னும் வேருடைய சொல், ஒப்படைத்தல் என்னும் வேருடைய சொல்லின் இடத்தில் அமர்த்தப்பட்டுள்ளது.

இதன் விளைவை இரு நிகழ்வுகள் விளக்கும். கூடங்குளம் அணுமின் நிலையத்திற்கு எதிராக இடிந்தகரையை மையமாகக் கொண்டு 2011 முதல் நடந்த போராட்டத்தில் பங்கேற்ற ஊர்மக்கள் பெருந்தொகையினர்மீது இப்பிரிவு சுமத்தப்பட்டது. 2015 அக்டோபரில் மதுக்கடைகளை மூடக் கோரிப் பாடிய நாட்டுப்புறப் பாடகர் கோவன் இப்பிரிவின்கீழ்க் கைது செய்யப்பட்டார். அரசு நடத்தும் மதுக்கடையை எதிர்ப்பது அரசின் கொள்கையை எதிர்ப்பதாகலாம். ‘தேசத்துரோக வழக்கு’ எனச் செய்தித் தலைப்பு கூறும்போது, வழக்கு தொடங்கும் முன்னரே வாசகரின் உள்ளத்தில் தேசமும் பகைவரும் காட்டிக்கொடுப்பவரும் வந்து நிற்கின்றனர். பாடலில் அம்மூவருள் ஒருவரும் இல்லை.

124ஏ பிரிவின் செயல்பாட்டை உச்ச நீதிமன்றம் 2022 மே 11 அன்று நிறுத்திவைத்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், இந்தியாவின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு ஆகியவற்றுக்கு ஊறு விளைக்கும் செயல்களைப் பற்றிய 152ஆம் பிரிவு அதன் இடத்தில் உள்ளது. இராஜதுரோகம் நீக்கப்பட்டுத் தேசதுரோகம் வைக்கப்பட்டுள்ளது என நாடாளுமன்றத்தில் விளக்கப்பட்டது. தமிழ் வாசகருக்கு இவ்விளக்கம் மாற்றமாகவே தோன்றாதிருக்கலாம். தமிழ் இதழியல் வழக்கு அவ்வேறுபாட்டைப் பல்லாண்டுகளுக்கு முன்பே அழித்துவிட்டது.

8. வரையறையற்ற சொல்லின் விலை

சட்டச் சொல்லாகிய டிரீசன் கொடிய தண்டனையைத் தாங்கியது. ஆயினும் அதனாலேயே எல்லையும் பெற்றது. ஒரே வெளிப்படைச் செயலுக்கு இரு சாட்சிகள் அல்லது திறந்த நீதிமன்றத்தில் ஒப்புதல் இன்றி எவரையும் அக்குற்றத்திற்குத் தண்டிக்க இயலாது என அமெரிக்க அரசமைப்பின் மூன்றாம் கூறு வரையறுக்கிறது. ‘துரோகி’ என்னும் தமிழ்ச்சொல்லுக்கு இத்தகைய எல்லை இல்லை. செயலைச் சுட்டாமலே ஆளைச் சுட்ட அதனால் முடிகிறது.

ஈழத்து அரசியல் வரலாறு இதன் விலையைக் காட்டுகிறது. யாழ்ப்பாண நகரத் தந்தை ஆல்பிரட் துரையப்பா 1975 சூலை 27 அன்று பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன்னரே அவர் அரசியல் சொல்லாடலில் ‘துரோகி’ எனப் பெயரிடப்பட்டிருந்தார். 1980களில் கொல்லப்பட்டோர் உடல்கள் மின்கம்பங்களில் கட்டப்பட்டு, அவர்தம் ‘துரோகம்’ எழுதப்பட்ட அட்டைகள் உடன் வைக்கப்பட்ட நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. தகவல் தந்தவர், மாற்று அமைப்பினர், அரசுடன் இணைந்து பணியாற்றியவர், கருத்து வேறுபட்டவர் ஆகியோரிடையே பாரிய வேறுபாடு உண்டு. காட்டிக்கொடுத்தல், கட்சி மாறுதல், ஒத்துழைத்தல், மாற்றுக்கருத்து என அவற்றைத் தனித்தனியே சொல்லத் தமிழில் சொற்கள் இருந்தன. அவை அனைத்தும் ஒரு சொல்லுக்குள் அடக்கப்பட்டபோது, தண்டனையும் ஒன்றே ஆயிற்று.

9. நிகரன் தேர்வுக்கான வினாக்கள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில், மொழிபெயர்ப்போரும் அகராதி தொகுப்போரும் நான்கு வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம்.

அ. செயலுக்கு முன்பே இருவரிடையே பிணைப்பு இருந்ததா? இருப்பின் துரோகம், இரண்டகம் ஆகியன பொருந்தும். பிணைப்பு உதவியால் உண்டானதாயின் நன்றி கொல்லுதல்.

ஆ. நம்பிக்கை கெடுப்பதற்காகவே உருவாக்கப்பட்டதா? ஆயின் வஞ்சகம். டிரெச்சரி, பெர்ஃபிடி ஆகியன இதன்பாற் படும்.

இ. மூன்றாமவர் ஒருவர் பயன் பெறுகிறாரா? ஆயின் காட்டிக்கொடுத்தல். மூன்றாமவரே முன்னின்று இயக்கினால் கீழறுத்தல்.

ஈ. தீங்கு ஏதும் செய்யாது பற்று நீங்கியது மட்டுமா? ஆயின் பற்றின்மை, விலகல், கைவிடுதல். கட்சித் தாவல் என்பதும் தன்னளவில் இவ்வகையினதே. 1985ஆம் ஆண்டின் 52ஆவது அரசமைப்புத் திருத்தம் இதற்குப் பதவியிழப்பை விதிக்கிறதேயன்றித் துரோகம் எனப் பெயரிடவில்லை.

செடிஷன் இந்நான்கிலும் முதல் மூன்றுக்குள் அடங்காது. அதற்கு ‘அரசு வெறுப்பூட்டல்’ என்பதுபோல் செயலை மட்டும் சுட்டும் தொடரே தகும்.

10. முடிவுரை

ஆங்கிலச் சொற்கள் ஒப்படைத்தல், நம்பிக்கை, சட்டம் ஆகியவற்றிலிருந்து நம்பிக்கைக்கேட்டை நோக்குகின்றன. தமிழ்ச் சொற்கள் உணவு, உறவுமுறை, மறைவு ஆகியவற்றிலிருந்து நோக்குகின்றன. இரண்டிலும் சொல்வளம் உண்டு. தமிழில் குறைவது சொல் அன்று. இருக்கும் சொற்களைப் பிரித்தாளும் பழக்கமே. ‘துரோகம்’ என்னும் சொல் மற்றவற்றின் இடங்களையும் எடுத்துக்கொண்டதால், பற்று நீங்கியவரும் பாட்டுப் பாடியவரும் பகைவரிடம் ஒப்படைத்தவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர்.

கல்வெட்டுகள், காலனியக் கால நீதிமன்றப் பதிவுகளின் தமிழாக்கங்கள், நாளிதழ்த் தலைப்புகள் ஆகியவற்றில் இச்சொற்களின் ஆட்சியைக் காலவரிசைப்படி தொகுத்தால், இச்சுருக்கம் எப்போது, யாரால் நிகழ்ந்தது என்பதை அறியலாம். ஊடகத் தமிழ், சட்டத் தமிழ் ஆகிய துறைகளில் ஆய்வு மேற்கொள்வோர்க்கு அது பயனுள்ள களமாக அமையும்.